நாலு ரிமோட்டை ஒன்றாக்க எந்த வழி?

டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், ஃபயர் டிவி ஸ்டிக். இன்று பல வீட்டு ஹால்களில் இருக்கும் கூட்டணி இதுதான். கருவிக்கு ஒன்றாக டீப்பாய் மேல் நாலு ரிமோட். அதை ஒன்றாகக் குறைக்கச் சில வழிகள் உண்டு. அவற்றை எடைபோட என்னிடம் ஒரே அளவுகோல்தான்: செட் பண்ணியவர் வெளியூர் போயிருக்கும்போது, வீட்டிலிருப்பவர்கள் அவருக்குப் போன் போடாமல் செய்தி பார்க்க முடிய வேண்டும்.

காசு செலவில்லாத வழி சிஇசி. எச்டிஎம்ஐ கேபிளில் 13ஆம் பின் இதற்கென்றே இருக்கிறது. படமும் ஒலியும் போகும் அதே கேபிள் வழியாக, ‘ஆன் ஆகு’, ‘சத்தத்தைக் கூட்டு’ என்று கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். ஆனால் டிவி மெனுவில் சிஇசி என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து ஆன் செய்து, ஏஆர்சி என்று எழுதியிருக்கும் போர்ட்டில் சவுண்ட்பாரைச் செருகினால், டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் சத்தம் கூடும், குறையும். ஸ்டிக்கின் மெனுவையும் அதே ரிமோட்டின் அம்புக்குறிகளால் நகர்த்தலாம். ‘எல்லாம் ஆன் செய்தும் வால்யூம் மாறவில்லையே’ என்பவர்கள் முதலில் டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். சவுண்ட்பார் ஆப்டிகல் கேபிளில் இருந்தால் ஒலி மட்டும்தான் போகும், கட்டளை போகாது.

சிஇசியின் தொல்லை, கேட்காமலே வேலை செய்வது. சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது பையன் கேம் கன்சோலை ஆன் செய்தால், டிவி அந்த இன்புட்டுக்குத் தாவிவிடும். அதற்காக டிவியில் சிஇசியை அணைக்க வேண்டாம், கன்சோலில் மட்டும் அணைத்தால் போதும். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊர் டிடிஎச், கேபிள் பெட்டிகள் பலவும் சிஇசிக்குச் செவிசாய்ப்பதில்லை. சேனல் மாற்ற அந்த ரிமோட் தனியே வேண்டும்.

டிடிஎச் இல்லாத வீடென்றால் கதை சுலபம். 2018இல் வந்த ஸ்டிக் 4கேயிலிருந்து பெரும்பாலான ஃபயர் டிவி ரிமோட்டுகளிலேயே பவர், வால்யூம் பட்டன்கள் இருக்கின்றன. ஸ்டிக்குடன் ப்ளூடூத்தில் பேசும் அதே ரிமோட், டிவிக்கோ சவுண்ட்பாருக்கோ இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒளி) சிக்னல் அனுப்பும். ஓடிடி மட்டும் பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் வாங்கத் தேவையில்லை.

டிடிஎச் இருந்தால்? அந்தப் பெட்டியின் ரிமோட்டையே தலைவனாக்குங்கள். பலவற்றில் டிவிக்கென்று பவர், வால்யூம், சோர்ஸ் என்று சில பட்டன்கள் தனியே இருக்கும், அவை கற்றுக்கொள்ளும் பட்டன்கள். மாடலுக்கு மாடல் முறை கொஞ்சம் மாறும். பொதுவாக, செட் பட்டனை விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு ரிமோட்டின் மூக்கையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் வைத்து, இதில் எந்தப் பட்டன் என்று தொட்டுக் காட்டிவிட்டு, டிவி ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டினால் பாடம் ஏறிவிட்டது. வால்யூம் பட்டனுக்கு டிவியின் சத்தத்தைக் கற்றுக்கொடுப்பதா, சவுண்ட்பாரினுடையதா என்று மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடையில் விற்கும் யுனிவர்சல் ரிமோட் இதன் பெரிய வடிவம். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக்கே 1987இல் கோர் என்ற பெயரில் இப்படியொரு ரிமோட் வெளியிட்டார், ஆகவே யோசனை பழையது. பழைய சிக்கலும் அப்படியே இருக்கிறது. பல கருவிகளில் ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரே சிக்னல். ‘எல்லாம் ஆன்’ என்று ஒரு பட்டனில் கோர்த்து வைத்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சவுண்ட்பார் அணைந்து, டிவி மட்டும் எழும். மறுபடி அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். இன்ஃப்ராரெட் ஒருவழிப் பாதை, எது எரிகிறது எது அணைந்திருக்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாது.

லாஜிடெக்கின் ஹார்மனி என்ற யுனிவர்சல் ரிமோட் இதற்கு நல்ல மருந்து வைத்திருந்தது. ‘படம் பார்க்க’ என்று ஒரு பட்டன், எந்தக் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்ற கணக்கு, கணக்கு தப்பினால் ‘டிவி ஆன் ஆகியிருக்கிறதா?’ என்று கேட்கும் ஒரு உதவிப் பட்டன். தயாரிப்பை நிறுத்துவதாக 2021 ஏப்ரலில் அறிவித்துவிட்டார்கள். பழையது மலிவாகக் கிடைத்தாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். அதை அமைக்கவே அந்த நிறுவனத்தின் சர்வர் வேண்டும். அந்த இடத்தைப் பிடிக்க வந்த சோஃபாபேட்டன் போன்றவற்றுக்கு ஆர்வமும் பொறுமையும் வேண்டும். ஏவி ரிசீவர், ப்ரொஜெக்டர் என்று ஆறேழு கருவி வைத்திருப்பவர்களுக்கு அது சரி.

வைஃபை ஐஆர் (இன்ஃப்ராரெட்) பிளாஸ்டரை எனக்கு ஹாலுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பிராட்லிங்க் போன்ற சின்னப் பெட்டி ஒன்றை ஹாலில் வைத்து, போனிலோ அலெக்சாவிடமோ கட்டளை கொடுப்பது. ஏசிக்கு அருமை. ஆனால் விளம்பரம் அலறும்போது போனைத் திறந்து, ஆப்பைத் தேடி, சத்தத்தைக் குறைப்பதற்குள் விளம்பரமே முடிந்துவிடும். கரண்ட் போய் வந்தால் ரூட்டர் எழும்வரை காத்திருக்க வேண்டும். போனிலேயே இன்ஃப்ராரெட் இருப்பவர்களுக்கும் இதே கதிதான். போன் கடைக்குப் போனால் ரிமோட்டும் கூடவே போய்விடும்.

எதை வாங்கினாலும் சரி, முதலில் வீட்டிலிருக்கும் ரிமோட்டுகளைச் சோதியுங்கள். போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டி ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். திரையில் ஊதா நிறத்தில் மினுக்கினால் இன்ஃப்ராரெட், கற்றுக்கொடுக்கலாம். இருட்டாகவே இருந்தால் அநேகமாக ப்ளூடூத், கற்றுக்கொள்ளும் ரிமோட்டிடம் அது எடுபடாது. ஃபயர் டிவி ரிமோட்டில் இரண்டையும் பார்க்கலாம்: செட் செய்து வைத்த வால்யூம் பட்டன் மினுக்கும், அம்புக்குறி மினுக்காது.