தூண்டில் ரீலில் கடைக்காரர் சுற்றித் தந்த நரம்பு: வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ரீல் வாங்கும்போது "நரம்பையும் நாங்களே சுத்திக் குடுத்தர்றோம், கூலி வேண்டாம்" என்று கடையில் சொன்னால், அந்த வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே கொண்டுபோய்ச் சுற்றி எடுத்து வருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையில் ஒரு கடையில் என்னிடம் 200 மீட்டர் பிரெய்டு லைனுக்கு (மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு) காசு வாங்கிக்கொண்டு, பாதிகூட இல்லாமல் கொடுத்தார்கள். கொடுத்ததும் பெட்டியில் போட்டிருந்த சரக்கு இல்லை. ரீலிலும் அதே கதை. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை. ஆனால் இந்த ஏமாற்று வேலைக்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை, எந்தக் கடையிலும் செய்யலாம். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

மேட்டூருக்குக் கீழே காவிரியில், நெரிஞ்சிப்பேட்டை கதவணைக்கு மேல் தண்ணீர் தேங்கி நிற்கிற பகுதியில் கட்லாவுக்குத் தூண்டில் போடுவது எங்கள் வழக்கம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை, மேலே தக்கை. கட்லா மேல்மட்டத்தில் மேய்கிற மீன், வாயே மேல்நோக்கித்தான் இருக்கும். தூண்டில் முள் ஏறியதும் முதல் ஓட்டம் பயங்கரமாக இருக்கும். அந்த ஓட்டத்தில் நரம்பை விட்டுக்கொடுக்கவும் வேண்டும், ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. அதற்காகத்தான் நல்ல டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக நழுவவிடும் பிரேக்) உள்ள 4000 அளவு ஸ்பின்னிங் ரீலும், 40 பவுண்டு பிரெய்டும் கேட்டேன். ரீல் 3,400 ரூபாய், லைன் 1,800. ரீல் பெட்டியில் "12+1 பேரிங், 12 கிலோ டிராக்" என்று அச்சடித்திருந்தது. லைன் பெட்டியில் "8 இழை, 40 பவுண்டு, 0.32 மில்லிமீட்டர், 200 மீட்டர்". லைன் பெட்டியை என் கண்முன்னேதான் உடைத்தார்கள். அப்புறம் ரீலையும் அதையும் எடுத்துக்கொண்டு ஒரு பையன் உள்ளே போனான். டீ வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது ஸ்பூல், அதாவது ரீலில் நரம்பு சுற்றுகிற உருளை, விளிம்புவரை பச்சை நரம்பு நிரம்பி, பார்க்க அழகாக இருந்தது.

ஆற்றில் ஒரு பெரிய மீன் ஏறியது. வீசிய தூரம் போக இன்னும் முப்பது மீட்டர் போல இழுத்துக்கொண்டு ஓடியது. திடீரென்று பச்சை நரம்பு தீர்ந்து ஸ்பூலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஒரு முடிச்சு ராடின் வளையங்களில் டக் டக்கென்று மோதிக்கொண்டு வெளியே போனது. அதற்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்கூடப் போகவில்லை, முடிச்சை ஒட்டி வெள்ளை நரம்பு அறுந்தது. மீன், முள், தக்கை, பச்சை நரம்பு மொத்தமும் ஆற்றோடு போயிற்று.

மீன் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எழுபது மீட்டர் நரம்பை வாயில் கட்டிக்கொண்டு ஒரு மீன் போகிறது. எங்காவது முள்செடியிலோ பாறையிலோ சிக்கி அது மெல்ல மெல்லச் சாகும். அறுந்த நரம்பு மக்காது. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் முங்கி எழுகிற ஆறு அது, பரிசல்காரர்கள் வலை விரிக்கிற ஆறு. யாரோ கல்லாவில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக இது நடந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து ஸ்பூலில் மிச்சமிருந்ததை முழுக்க உருவினேன். எல்லாமே பழைய நைலான் நரம்பு. சில இடங்களில் வெளுத்து, நகத்தால் கீறினால் செதில் வருகிற மாதிரி மொரமொரவென்று இருந்தது. நடுவில் இன்னும் இரண்டு முடிச்சுகள். வேறு யாருடைய ரீலிலிருந்தோ கழற்றிப் போட்ட துண்டுகளை இணைத்துச் சுற்றியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெய்டுக்கு அடியில் கொஞ்சம் நைலான் சுற்றுவது தப்பில்லை, சரியான முறையே அதுதான். பிரெய்டு வழுவழுப்பானது. வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மொத்தச் சுருளும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும், டிராக் பிடிக்காத மாதிரித் தோன்றும். அதைத் தடுக்க ஸ்பூலில் சில சுற்று, அதிகம் போனால் பத்துப் பதினைந்து மீட்டர் புது நைலான் போதும். ஸ்பூல் ஆழமாக இருந்தால் கூடுதலாகப் போடலாம், ஆனால் அதை வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு, மிச்ச பிரெய்டை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். 200 மீட்டருக்கு விலை வாங்கிவிட்டு நூறு மீட்டருக்கும் மேல் கழிசல் நரம்பைச் சுற்றுவதற்குப் பெயர் வேறு.

அந்தப் பச்சை நரம்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்ததால், தம்பி முறையில் இருக்கிற உறவினர் ஒருவர் அதே கடையில் வாங்கிய அதே லைனைக் கொடுத்தார். அவரும் உள்ளே அனுப்பித்தான் சுற்றி வாங்கியிருக்கிறார். அதில் செய்த சோதனைகளை எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் தண்ணீர். உண்மையான பிரெய்டு, அதிவலுவான பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்றெல்லாம் பெட்டியில் போட்டிருப்பது இந்த இழையின் பெயர்கள்தான். இதன் அடர்த்தி ஏறத்தாழ 0.97, அதாவது தண்ணீரைவிடக் குறைவு, அதனால் மிதக்கும். நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, ஒரு விரல் நீளத் துண்டை உள்ளே அழுத்திப் பிசைந்து காற்றுக்குமிழ் போனதும் விடுங்கள். எங்கள் பச்சை நரம்பு நேராக அடியில் போய்ப் படுத்தது. மூழ்கும் வகை என்றே தனியாகச் சொல்லி விற்கிற பிரெய்டும் உண்டு, ஆனால் இந்தப் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. என் கணிப்பில் இது சாயமேற்றிய பாலியெஸ்டர் நூல்.

அடுத்து தடிமன். பென்சிலின் மேல் நெருக்கமாக இருபது சுற்றுச் சுற்றி ஸ்கேலால் அளக்க வேண்டும். 0.32 மில்லிமீட்டர் என்றால் இருபது சுற்று 6.4 மில்லிமீட்டர் வர வேண்டும். வந்தது 10. அதாவது நரம்பு அரை மில்லிமீட்டர் தடிமன். ரீலின் ஸ்பூலில் "0.35/200" என்று பொறித்திருந்தது, 0.35 மில்லிமீட்டர் நரம்பு 200 மீட்டர் கொள்ளும் என்று அர்த்தம். தடிமன் கூடினால் கொள்ளளவு அதன் வர்க்கத்தில் குறையும். 0.35-ஐ வர்க்கமாக்கி 200-ஆல் பெருக்கி, 0.5-இன் வர்க்கத்தால் வகுத்தால் 98 மீட்டர். அடியில் எதுவுமே போடாவிட்டாலும் அந்த ரீலில் இந்த நரம்பு 200 மீட்டர் ஏறவே ஏறாது! மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று கடையில் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கடைசியாக பலம். பயணப்பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நரம்பை ஒரு வழவழப்பான பைப்பில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, மறுமுனையைத் தராசில் மாட்டி இழுத்தோம். 40 பவுண்டு என்றால் 18 கிலோ. எங்கள் நரம்பு ஒவ்வொரு முறையும் 7 கிலோவிலிருந்து 8 கிலோவுக்குள் அறுந்தது. முடிச்சுப் போட்டால் அதற்கும் கீழே. (இழுக்கும்போது கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மெல்லிய நரம்பு விரலை வெட்டிவிடும். கண்ணாடி போட்டுக்கொள்வதும் நல்லது.)

பெட்டியில் போட்ட எண் பொய் என்றால் நஷ்டம் காசோடு நிற்பதில்லை. நரம்பு அறுகிற எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக்கை வைப்பதுதான் நாம் பின்பற்றுகிற கணக்கு. 18 கிலோவை நம்பி ஒருவர் ஐந்தரைக் கிலோவில் டிராக் வைத்தால், 7 கிலோ நரம்பில் முடிச்சு போட்ட இடம் கிட்டத்தட்ட அறுகிற நிலையில்தான் எப்போதும் இருக்கும். பிரெய்டு நைலான் மாதிரி நீண்டு கொடுக்காது, அதிர்ச்சியைத் தாங்க டிராக் ஒன்றுதான் வழி. ஆகவே அந்த எண்ணை நம்பி எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவர்தான் அதிகம் அடிபடுகிறார்.

இனி ரீல். மோட்டார் பழுது பார்க்கிற நண்பர் ஒருவர் பட்டறையில் வைத்துத் திறந்தோம். பேரிங் என்று உள்ளே இருந்தவை இரண்டு, அப்புறம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கிற ரோலர் பேரிங் ஒன்று. மிச்ச இடங்களில் எல்லாம் பிளாஸ்டிக் வளையம். "12+1" என்பதில் அந்த "+1" மட்டும்தான் நிஜம். பொதுவாகவே பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து ரீல் வாங்காதீர்கள். நாலு நல்ல பேரிங் உள்ள ரீல் பல வருஷம் உழைக்கும். டிராக் குமிழைக் கழற்றினால் உள்ளே காய்ந்துபோன ஃபெல்ட் வளையம் ஒன்று, தகர வளையம் ஒன்று. தராசில் மாட்டி முழுக்க இறுக்கியும் 4 கிலோவில் நரம்பு நழுவியது, அதுவும் சீராக இல்லாமல் நின்று நின்று உதறி உதறி. இந்த உதறல்தான் பலவீனமான நரம்புக்கு எமன். நரம்பு உரசிப் போகிற சின்ன உருளையான லைன் ரோலர் சுழலவே இல்லை.

ராடும் அங்கேதான் வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, சுமாராக இருக்கிறது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "ஏனுங்க, அடியில நரம்பு போடாம பிரெய்டு நிக்காதுங்க, எல்லாக் கடையிலயும் இப்படித்தான்" என்றார் முதலாளி. "போடுங்கண்ணா, வேண்டாங்கல. நீங்க காசு வாங்குனது 200 மீட்டருக்கு, மிச்சம் எங்கே?" என்றேன். உடனே பேச்சு மாறியது. மீன் தப்பியதற்குக் கடையைக் குறை சொல்வதாகச் சொன்னார். சுற்றின நரம்பைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். எனக்குக் கொடுத்தது பில் இல்லை, எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்ட வெள்ளைச் சீட்டு. முறையான பில் கேட்டதற்கு, அப்படி வேண்டுமென்றால் வரி சேர்த்து விலை கூடும் என்றார்.

சுவரில் தாள் ஒட்டிவிட்டால் கடையின் பொறுப்பு தீர்ந்துபோகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் புகாரைப் பதிவு செய்தேன். பணம் யுபிஐ வழியாகப் போனதால் தேதியும் தொகையும் அப்படியே இருந்தன, வெள்ளைச் சீட்டையும் படம் எடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு லைனுக்கான 1,800 ரூபாயைக் கடை திருப்பிக் கொடுத்தது. ரீலுக்குத் தர மாட்டோம் என்கிறார்கள். அது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. 5 லட்சம் ரூபாய்வரை உள்ள வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

அந்த ரீல் பெட்டியை இப்போது எடுத்துப் பார்க்கிறபோது கண்ணில் படுவது, அதில் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இல்லை என்பது. 2011 சட்ட அளவியல் விதிகளின்படி, பொட்டலமாக விற்கிற இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் விவரம், எந்த நாட்டில் செய்தது, தயாரித்த மாதமும் வருஷமும், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெரிய கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் இந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கடைக்காரர் பழக்கமானவர் என்றாலும்.

ஏற்கெனவே கடையில் சுற்றி வாங்கி வைத்திருப்பவர்கள், அடுத்த முறை தண்ணீருக்குப் போவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் நரம்பின் நுனியை ஒரு மரத்தில் கட்டி, பெயிலை (நரம்பை ஸ்பூலில் பிடித்துச் சுற்றுகிற கம்பி வளைவு) திறந்துவிட்டு ஸ்பூலின் அடி தெரிகிறவரை நடங்கள். வழியில் நிறம் மாறுகிறதா, முடிச்சு வருகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். திரும்பச் சுற்றும்போது கைப்பிடியின் சுற்றுகளை எண்ணுங்கள். 4000 அளவு ரீல் 5.2:1 விகிதத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இழுக்கும், 200 மீட்டர் நரம்புக்கு 250 சுற்றுக்குப் பக்கத்தில் வர வேண்டும். நரம்பு நனைந்த துணிக்குள் வழுக்கி வருகிற மாதிரி விரலிடையில் பிடித்து இறுக்கமாகவே சுற்றுங்கள், தளர்வாகச் சுற்றினால் வீசும்போது மொத்தமாகக் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். முடிச்சு தெரிந்தால் அந்த இடத்தை உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்கிய தேதியிலிருந்து 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.