மார்பை அமுக்கும் பனியன், 14 வயதுப் பையனுக்கு: ஏழு மாத அனுபவம்

முதலில் பனியனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 'கம்ப்ரெஷன் வெஸ்ட்' என்று தேடினால் வருமே, கை இல்லாமல், நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்து உடம்போடு ஒட்டிக்கொள்கிற பனியன், அதுதான். 699 ரூபாய். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் பையனுக்கு வாங்கினேன். சட்டைக்குள் போட்டால் மார்பு துருத்திக்கொண்டு தெரியாமல் அமுக்குகிறதா என்றால் அமுக்குகிறது, அதில் பொய் இல்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன்.

அளவுதான் பெரிய தலைவலி. படத்தில் நிற்கிற ஆளுக்கு இந்தப் பனியனே தேவையில்லை, அப்படி ஒரு உடம்பு. சின்ன சைஸ் வாங்கினால் இன்னும் நன்றாக அமுக்கும் என்று நானே முடிவு செய்து எம் சைஸ் வாங்கினேன், அது முட்டாள்தனம். போட இரண்டு பேர் வேண்டும், கழற்றும்போது கழுத்தில் மாட்டிக்கொண்டு பையன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். இன்ச் டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்து அளந்து, வருகிற சைஸையே வாங்குங்கள். வெள்ளை யூனிஃபார்முக்குள் கறுப்பு பளிச்சென்று தெரியும், வெள்ளையும் ஓரம் கோடு போட்ட மாதிரி தெரியும், தோல் நிறம்தான் சரி. உட்கார்ந்து எழுந்தால் கீழ் விளிம்பு சுருண்டு வயிற்றில் வளையம் மாதிரி நிற்கிறது. நாங்கள் இருப்பது வேலூர், எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, பத்தே நாளில் முதுகெல்லாம் வேர்க்குரு.

அப்புறம் ஏன் மூன்று நட்சத்திரம் என்று கேட்டால், இது வருவதற்கு முன்னால் அவன் பதினெட்டு நாள் பள்ளிக்கூடமே போகவில்லை.

புதன்கிழமைகளில்தான் ஆரம்பித்தது. காலையில் வயிற்று வலி, பத்து மணிக்குமேல் சரியாகிவிடும், மதியம் சாம்பார் சாதம் இரண்டு தட்டு. நடிக்கிறான் என்று நினைத்துத் திட்டினேன், ஒரு நாள் கையும் ஓங்கிவிட்டேன். புதன்கிழமை ஹவுஸ் டிஷர்ட் போட வேண்டிய நாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை, என் மனைவிதான் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மெல்லிசான பாலியஸ்டர் துணி, வியர்த்தால் அப்படியே ஒட்டும். அப்புறம் திங்களும் வயிறு வலித்தது, கடைசியில் எல்லா நாளும். ஞாயிறு சாயங்காலமே முகம் செத்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. பையை முதுகில் மாட்டாமல் முன்னால் மாட்டுவது, தோளை உள்ளே சுருட்டிக் கூன் போட்டு நடப்பது, நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டையை இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுத்துவிடுவது. மருந்து டப்பாவில் கிரேப் பேண்டேஜையும் பிளாஸ்டர் ரோலையும் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தோம். குளித்துவிட்டு வரும்போது சாதா பனியன் தூக்கியதில் பார்த்தேன், நெஞ்சில் குறுக்காக பிளாஸ்டர் பிய்த்த சிவப்புக் கோடுகள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வகுப்பில் அவனுக்கு 'ஆன்ட்டி' என்று பெயராம். நானும் வீட்டில் "கிரவுண்ட்ல நாலு ரவுண்டு ஓடுடா, எல்லாம் கரையும்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவன் பங்குக்கு ஆபரேஷன் எவ்வளவு ஆகும் என்று யூட்யூபில் பார்த்து வைத்திருந்தான்.

அந்த வாரம்தான் பனியனை ஆர்டர் செய்தேன், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும், அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசி, பரிசோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இதற்குப் பெயர் கைனகோமாஸ்டியா. வயசுக்கு வருகிற பையன்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் வருமாம், 13, 14 வயதில் அதிகம். ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் கொஞ்ச காலம் ஏறுமாறாக இருப்பதால் காம்புக்குக் கீழே ஒரு வட்டு மாதிரி திசு வளரும், தொட்டால் கெட்டியாக இருக்கும், சிலருக்கு வலிக்கும். கொழுப்பு என்றால் தொளதொளவென்று இருக்கும், அது வேறு. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும், அதனால் இந்த வயதில் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படத் தேவையில்லை என்றார். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறானா என்று கேட்டார், சில மருந்துகளாலும் வருமாம். காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி வளர்ந்தாலோ, விதைக்கொட்டையில் கட்டி தெரிந்தாலோ மட்டும் உடனே வரச் சொன்னார். நான் சொன்ன நாலு ரவுண்டு ஓட்டத்துக்கு அந்தத் திசு கரையாது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் பையன் கேட்ட ஒரே கேள்வி, "ப்பா, பாதிப் பேருன்னா என் கிளாஸ்ல இருபது பேருக்கு இருக்குமா?"

சரி, மறுநாளே பள்ளிக்கூடம் போய்விட்டான் என்று நினைக்காதீர்கள். பனியனும் வந்துவிட்டது, விஷயமும் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட் வரை வந்துவிட்டு பைக்கை விட்டு இறங்கவில்லை. டாக்டர் சொல்லி ஒரு கவுன்சலரைப் பார்த்தோம். கட் அடிக்கிற பையன் வீட்டுக்குத் தெரியாமல் சுற்றுவான், உங்கள் பையன் உங்களுக்குத் தெரிந்தே வீட்டில் இருக்கிறான், இரண்டும் ஒன்றில்லை என்றார். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கஷ்டமாக்கும், அதே சமயம் இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினாலும் நிற்காது என்றார். முதல் வாரம் காலையில் இரண்டு பீரியட் மட்டும், அடுத்த வாரம் மதியம் வரை, அப்படிப் படிப்படியாக. வகுப்பு ஆசிரியை ஒத்துழைத்தார், பி.டி. சார் அவனை ஸ்கோர் எழுத வைத்தார், பெயர் வைத்துக் கூப்பிட்ட மூன்று பேரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். முழு நாள் உட்கார ஐந்து வாரம் ஆனது.

கவுன்சலருக்கு இந்தப் பனியனைக் கண்டால் ஆகவில்லை. கேட்டைத் தாண்ட உதவுகிறதா, போடட்டும். ஆனால் அது இல்லாமல் வெளியே போகவே முடியாது என்கிற நிலைக்கு விடாதீர்கள் என்றார். அது உண்மைதான். ஒரு கட்டத்தில் பால் வாங்கப் போகக்கூடப் போட்டான், தூங்கும்போதும் போட்டிருந்ததை ஒரு ராத்திரி பார்த்தேன். அதற்குத்தான் ஒரு நட்சத்திரம் போயிற்று (இன்னொன்று வேர்க்குருவுக்கு). பள்ளிக்கூட நேரம் மட்டும், வீட்டுக்கு வந்ததும் கழற்ற வேண்டும் என்று பேசி வைத்தோம்.

இன்னொரு எச்சரிக்கை. இதை ஒரு தடவை தேடிவிட்டால் கிரீம், மாத்திரை, 'ஒரே நாளில் வீடு திரும்பலாம்' ஆபரேஷன் என்று விளம்பரமாகத் துரத்தும், பிள்ளையின் போனிலும் வரும். பேச ஆள் கிடைக்காதவர்கள் 14416-ஐக் கூப்பிடுங்கள், அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இப்போது புதன்கிழமை மட்டும் போடுகிறான். நான் ஒன்றும் கேட்பதில்லை. வாங்குவதாக இருந்தால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று காய ஒரு ராத்திரி ஆகும். நிழலில் உலர்த்துங்கள், எங்கள் முதல் பனியனின் எலாஸ்டிக் மொட்டை மாடி வெயிலில் மூன்றே மாதத்தில் தொய்ந்துவிட்டது.