பஸ் ஸ்டாப் இருந்தது, பஸ் இல்லை: ஹெரிஃபோர்டு பக்கம் வீடு தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த வாடகை வீட்டு விளம்பரப் படத்தை மறுபடியும் பார்த்தேன். வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம், வாசலில் காய்த்துக் குலுங்கும் ஆப்பிள் மரம். கீழே, "குடும்பத்துக்கு ஏற்ற மூன்று படுக்கையறை வீடு, பள்ளிக்கூடம் பக்கம், எதிரிலேயே பஸ் ஸ்டாப், நம்ம ஆட்களுக்கு முன்னுரிமை" என்று போட்டிருந்தது. 2022-ல் இதே படத்தையும் இதே வரிகளையும் நம்பித்தான் லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினோம். படத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதைப் போட்ட வீட்டுப் புரோக்கரின் பெயரை இங்கே எழுத முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

கணவருக்கு, இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸ் எல்லைப் பக்கம் இருக்கும் ஹெரிஃபோர்டில் மருத்துவமனை வேலை கிடைத்தது. எனக்கு லண்டன் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. ஈஸ்ட் ஹாமில் இரண்டு அறைக்குக் கொடுத்த வாடகையை விட மிகக் குறைவாக, மாதம் 950 பவுண்டுக்கு, தோட்டத்தோடு ஒரு தனி வீடு. ஊர் லெம்ஸ்டர் என்ற சிறு நகரத்துக்குத் தெற்கே, லக் ஆற்றுப் பக்கம் ஒரு சிறு கிராமம். (எழுதுவது லியோமின்ஸ்டர், சொல்வது லெம்ஸ்டர். அங்கே போன பிறகுதான் எங்களுக்கே தெரியும்.) வேலையில் சேர மூன்று வாரம்தான் இருந்தது. நேரில் போய்ப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, "அக்கா, நாலு குடும்பம் வரிசையில நிக்குது. வீடியோவுல காட்டுறேன், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார் புரோக்கர். நம் மொழி பேசுகிறவர், நம்மை ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் பணத்தை அனுப்பினேன்.

யோசித்துப் பார்த்தால் அவர் முழுப் பொய் சொன்னது குறைவு. எல்லாவற்றிலும் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் பிடிபடவில்லை.

பஸ் ஸ்டாப் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது, உண்மைதான். அதில் பஸ் வருவது வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரு முறை. காலை பத்து மணிக்கு மேல் வந்து ஊருக்குள் கூட்டிப் போகும், மதியம் திரும்பக் கொண்டுவந்து விடும். சந்தைக்குப் போகிற வயதானவர்களுக்கான பஸ் அது. கணவருக்கோ காலை ஏழரைக்கு ஷிஃப்ட்.

அப்படியென்றால் கார் ஓட்டலாமே என்பீர்கள். இந்தியாவில் எடுத்த லைசன்ஸை வைத்து பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்ட முடியும். அப்புறம் இங்கே புரொவிஷனல் என்ற கற்போர் லைசன்ஸ் எடுத்து, எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் பாஸ் செய்தாக வேண்டும். நாங்கள் வந்தது 2019-ல். லண்டனில் ரயிலும் பஸ்ஸும் இருந்ததால் அந்த 12 மாதம் போனதையே கவனிக்கவில்லை. தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை ஒரு வழிக்கு 28 பவுண்டு டாக்சி, அதுவும் முதல் நாளே சொல்லிவைத்தால்தான். உடன் வேலை பார்த்த ஒருவர் தன் வழியை மாற்றிக்கொண்டு வந்து ஏற்றிப் போனதால்தான் கணவரின் வேலை நிலைத்தது. புரோக்கரிடம் எங்களுக்குக் கார் இல்லை என்று முதல் போனிலேயே சொல்லியிருந்தேன். "இருந்தா நல்லது, இல்லாட்டியும் சமாளிக்கலாம்" என்றுதான் பதில் வந்தது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். ஒன்றரை மைலில் நல்ல பள்ளி ஒன்று இருந்தது. பையனுக்கு ஐந்தாம் ஆண்டில் இடம் கிடைத்தது. பெண்ணுக்கு முதலாம் ஆண்டில் இல்லை. இங்கிலாந்தில் ரிசப்ஷன் (முதலாம் ஆண்டுக்கு முந்தைய வகுப்பு), முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்டத்தின் வரம்பு. 31-வது பிள்ளையைச் சில விதிவிலக்குகளுக்குத்தான் சேர்ப்பார்கள். பக்கத்தில் பள்ளி இருப்பதும் அதில் இடம் இருப்பதும் ஒன்றல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பின்) பள்ளிச் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு போன் போட்டு, இன்ன ஆண்டில் எந்தெந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். பெண்ணுக்கு ஆறு மைல் தள்ளி இடம் கொடுத்தார்கள்.

"ஸ்கூல் பஸ் ஃப்ரீ" என்றும் புரோக்கர் சொல்லியிருந்தார். இலவசப் போக்குவரத்துக்குக் கணக்கு இருக்கிறது. 8 வயதுக்குக் கீழே என்றால் 2 மைலுக்கு மேல், 8 வயது ஆகிவிட்டால் 3 மைலுக்கு மேல், அதுவும் இடம் உள்ள பள்ளிகளில் மிக அருகில் இருப்பதற்குத்தான். பெண்ணுக்கு அந்த உரிமை இருந்தது, மனுப் போட்டு ஐந்து வாரம் கழித்து வண்டி வந்தது. பையனுக்குத் தூரம் போதவில்லை. நடந்து போகலாம் என்றால் அந்தச் சாலையில் நடைபாதையே கிடையாது. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, வளைவில் பால் லாரி வரும். நடக்கப் பாதுகாப்பில்லாத வழி என்றால் தூரம் குறைவாக இருந்தாலும் கவுன்சில் வண்டி தர வேண்டும். இதைச் சொல்லி மனுப் போடலாம் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். பிப்ரவரியில் அதுவும் கிடைத்தது. அதுவரை தினமும் நான் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியை ஒட்டி நடந்தேன்.

இப்போது ஹீட்டிங். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்திலிருந்து போகிறவர்களுக்கு இது தெரியாது.

"சென்ட்ரல் ஹீட்டிங் இருக்கு அக்கா" என்றார். இருந்தது. ஆனால் கிராமங்கள் பலவற்றுக்குக் கேஸ் குழாய் போகவில்லை. அங்கே பாய்லர் எரிவது மண்ணெண்ணெயில். ஆமாம், ஊரில் ரேஷன் கடையில் வாங்கினோமே, அந்த வகைதான். வீட்டுக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. நாங்கள் போனது நவம்பர் கடைசி. முதல் வாரம் வீடு சூடாகத்தான் இருந்தது. டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி பாய்லர் நின்றுவிட்டது. அந்த 2022 டிசம்பர் குளிர் பலருக்கு நினைவிருக்கும், நாள்கணக்கில் உறைநிலைக்குக் கீழேயே கிடந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போய், தொட்டி மூடியைத் திறந்து, தோட்டத்தில் கிடந்த மூங்கில் குச்சியை உள்ளே விட்டேன். வெளியே எடுத்தபோது நுனியில் இரண்டு விரல்கடை ஈரம், அதுவும் கறுப்பாகச் சேறு போல. மண்ணெண்ணெய் வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

காலையில் எண்ணெய் கம்பெனிகளுக்குப் போன் போட்டேன். குறைந்தது 500 லிட்டர் வாங்க வேண்டும், கிட்டத்தட்ட 480 பவுண்டு, வண்டி வர 11 நாள் ஆகும். நாடே குளிரில் எண்ணெய் கேட்டுக்கொண்டிருந்த நேரம். 11 நாளும் பிள்ளைகள் இருவரையும் ஒரே அறையில் எலக்ட்ரிக் ஹீட்டர் வைத்துத் தூங்கவைத்தோம். பெண் ஸ்வெட்டரோடும் குல்லாயோடும் படுத்திருப்பாள், மூச்சு விடுவது புகையாகத் தெரியும். ஜன்னலின் உட்பக்கம் பனி பிடித்திருக்கும். பக்கத்து வீட்டு அம்மாதான் இரண்டு முறை விறகு கொண்டுவந்து கொடுத்தார். ஊரில் எல்லோரும் சேர்ந்து மொத்தமாக எண்ணெய் வாங்கும் குழு ஒன்று இருப்பதையும், செப்டம்பரிலேயே நிரப்பிவிடுவார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

வீட்டில் என்ன எரிபொருள் என்று முன்பே பார்த்திருக்கலாம். வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஈபிசி என்ற ஆற்றல் சான்றிதழ் வேண்டும், அதை அரசுத் தளத்தில் போஸ்ட்கோடு போட்டு இலவசமாகவே பார்க்கலாம். ஹீட்டிங் கேஸா, எண்ணெயா, மின்சாரமா என்று அதில் இருக்கும், ஏ முதல் ஜி வரை தரமும் இருக்கும். ஈ-க்குக் கீழே இருந்தால், பதிவு செய்யப்பட்ட விலக்கு இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது. எங்கள் வீடு சரியாக ஈ.

பிராட்பேண்டும் இதே கதை. "ஃபைபர் வந்துடுச்சு" என்றார். சாலையோரப் பெட்டி வரைதான் வந்திருந்தது. அங்கிருந்து இரண்டு மைல் பழைய செம்புக் கம்பி, எனக்குக் கிடைத்தது 4 எம்பிபிஎஸ். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் ஆஃப்காம் (தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பு) தளத்தில் அந்த வீட்டின் விலாசத்தையே போட்டுப் பாருங்கள், ஊர்ப் பெயரைப் போட்டால் போதாது.

வெள்ளம் பற்றியும் கேட்டிருந்தேன். "வீட்டுக்குள்ள தண்ணி வந்ததே இல்ல" என்றார். அதுவும் உண்மை, வீடு மேட்டில் இருந்தது. ஜனவரியில் லக் நிரம்பியபோது சாலைதான் மூழ்கியது. மூன்று நாள் வெளியே போக முடியவில்லை. அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் வீடு இருக்கும் புள்ளியைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், வெளியே போகும் சாலை முழுவதையும் பாருங்கள்.

அவர் சொன்னதில் முழுசாக உண்மையாக இருந்தது ஒன்றுதான்: டாக்டர் கிளினிக்கிலேயே மருந்தும் தருவார்கள் என்றது. மருந்துக்கடைக்கு ஒரு மைலுக்கு மேல் இருக்கும் கிராமத்தவர்களுக்கு அப்படிக் கொடுக்கும் கிளினிக்குகள் உண்டு. குளிரில் பெண்ணுக்கு நெஞ்சுச் சளி வந்தபோது அது பெரிய உதவி.

பணத்துக்கு வருகிறேன். வீட்டைப் பிடித்துவைக்க 950, டெபாசிட் 1,425, அவருடைய "குடியேற்றச் செலவு" 600. மூன்றையும் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே அனுப்பினேன். 2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. வீட்டைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எங்கள் கணக்கில் அது 219 பவுண்டு. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது, அது 1,096. டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, எங்கே இருக்கிறது என்று எழுத்தில் தர வேண்டும். எங்களுக்கு ஒரு தாளும் வரவில்லை. மார்ச்சில் மூன்று தளங்களிலும் தேடினேன், எதிலும் இல்லை.

வீட்டுக்காரர் ஒரு விவசாயி. நேரில் போய்க் கேட்டபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. டெபாசிட் அவர் கைக்கு வரவே இல்லை, திட்டத்தில் போட்டுவிட்டதாகப் புரோக்கர் அவரிடமும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரிடமும் கமிஷன் வாங்கியிருக்கிறார். ஆனால் சட்டப்படி வீட்டுக்காரருக்கும் பொறுப்பு உண்டு. நீதிமன்றத்துக்குப் போனால் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதம் விழும். நான் கடிதம் எழுதினேன், அவர் தன் கையிலிருந்து 1,425-ஐயும் கொடுத்துவிட்டார். அந்த மனிதரிடம் வாங்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மீதி 1,550-ஐப் புரோக்கரிடம் கேட்டேன். முதலில் "பாக்கலாம் அக்கா", அப்புறம் போன் எடுக்கவில்லை, அப்புறம் நம்பரே மாறிவிட்டது. வாடகை ஏஜென்ட் எவரும் குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றிலும், வாடிக்கையாளர் பணத்தை வைத்திருந்தால் பணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றிலும் உறுப்பினராக இருக்க வேண்டும். இவர் எதிலுமே இல்லை. நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார் கொடுத்தேன். பணம் வரவில்லை.

ஒப்பந்தம் 12 மாதம், நடுவில் விலகும் பிரிவு கிடையாது. அதனால் அந்த வருடம் முழுக்க அங்கேதான் இருந்தோம். (2026 மே 1 முதல் இந்தக் கட்டாயம் இல்லை, இரண்டு மாத அறிவிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.) பிறகு லெம்ஸ்டருக்கே குடிவந்தோம். பள்ளிக்கும் கடைக்கும் நடந்து போகலாம், ஸ்டேஷனிலிருந்து ஹெரிஃபோர்டுக்குக் கால் மணி நேர ரயில். இந்தப் பக்கம் நல்ல பக்கம், மக்கள் நல்லவர்கள். வராதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. வேலை தொடங்கியதும் முதலில் ஒருவர் மட்டும் அறை எடுத்துத் தங்கி, வார நாளில், மழையில், காலை ஏழு மணிக்கு அந்த ஊரில் நின்று பாருங்கள். குடும்பம் ஒரு மாதம் கழித்து வரட்டும்.

அந்தப் படம் உங்களுக்கும் வரலாம். இடது ஓரத்தில், ஆப்பிள் மரத்துக்குப் பின்னால், பச்சையாக ஒரு வளைவு பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். அதுதான் எண்ணெய்த் தொட்டி. பணம் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் பதில் சொல்கிறேன்.