3 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கொரோலாவைத் திருத்துவதா, விற்பதா? ஆரையம்பதி வழியில் உள்ள கராஜ் பற்றி

பழைய கார் வைத்திருக்கும் மட்டக்களப்புக்காரர் யாராவது "இனியும் இதுக்குக் காசு போடலாமா?" என்று யோசித்துக்கொண்டிருந்தால், என்ஜினைத் தொடுவதற்கு முன் காரைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோங்கள். கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்குப் போகும் வழியில், கடற்பக்கம் கிறுகும் ஒழுங்கை ஒன்றில் அப்படியொரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. தகரக் கூரை, ஒரு லிஃப்ட், வேப்பமரத்துக்குக் கீழே முறை பார்த்து நிற்கும் கார்கள், அவ்வளவுதான். நடத்துபவர் காத்தான்குடிக்காரர். வருகிற எல்லோருக்கும் அவர் நானா.

என்னுடையது 2003ஆம் ஆண்டு கொரோலா 121. 1.5 லீற்றர் என்ஜின், ஓட்டோ கியர், மீற்றர் 3,10,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. களுவாஞ்சிகுடிப் பக்கம் பாடசாலைக்குப் போய்வருவேன். விடுமுறை வந்தால் பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்கு மகளிடம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை, சேர்விஸுக்கு இடையில் ஒயில் குறைவது, குழியில் இறங்கினால் முன்பக்கத்தில் டொக் டொக் என்ற சத்தம். இவைதான் முறைப்பாடுகள். முதலில் நகரத்தில் வேறொரு இடத்தில் காட்டினேன். பொனட்டைத் திறந்த கையோடு "என்ஜின் முடிஞ்சிது, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த என்ஜின் எடுத்துப் பூட்ட ஆறு இலட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. ஆறு இலட்சம் ஒரு டீச்சரின் வீட்டில் எவ்வளவு பெரிய காசு என்பதை அவர்கள் யோசித்ததாகவும் தெரியவில்லை.

நானாவிடம் அதே கதையைச் சொன்னேன். "என்ஜின மறுகா பாப்பம் டீச்சர். முதல்ல மேல ஏத்துவம்" என்றார்.

லிஃப்டில் ஏற்றியதும், ஒரு கையில் லைட், மறு கையில் முனை மழுங்கிய ஸ்குறூ டிறைவர். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியை அதன் பிடியால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது. இடது பின்கதவுக்குக் கீழே, ஜாக் வைக்கும் இடத்தை ஒட்டி, சத்தம் அமுங்கியது. முனையைத் திருப்பி அழுத்தினார். அப்படியே உள்ளே போனது. ஈரமான கறல் துண்டுகளும் மணலும் தரையில் கொட்டின. "இஞ்ச பாருங்க டீச்சர், கைய வெச்சிப் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெட்டியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கின்றன. மாரியில் வெள்ளத்துக்குள் ஓடும்போது சேறு போய் அவற்றை அடைத்துவிடும். உள்ளே நிற்கும் தண்ணீரோடு உப்புக் காற்றும் சேர்ந்து தகட்டை உள்ளிருந்தே தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருப்பதால் ஒன்றும் தெரியாது. கல்லடி, நாவலடி, கல்முனை என்று கடலை ஒட்டி இருக்கிற நம் எல்லோருடைய கார்களுக்கும் இதுதான் நிலைமை.

அப்புறம் முன் ஷொக் அப்சோபரின் தலையைத் தாங்கும் இடம், என்ஜினுக்குக் கீழே குறுக்காக ஓடும் பீம், சீட் பெல்ட் பூட்டியிருக்கும் இடங்கள், பின் அச்சு எல்லாவற்றையும் தட்டினார். அங்கெல்லாம் இரும்பு நன்றாக இருந்தது. "இதுகள் கறலெடுத்திருந்தா ஒரு சதமும் போடாதீங்க எண்டுதான் சொல்லியிருப்பன். டாஷ்போட் மட்டத்துக்கு வெள்ளத்தில மூழ்கின காருக்கும் அதுதான் கதை" என்றார். முடிவு அந்த இடத்திலேயே பாதி எடுபட்டுவிட்டது. என்ஜினை மாற்றலாம், கியர்பொக்ஸை மாற்றலாம். உடம்பின் எலும்பு போனால் பிறகு எதைப் பூட்டுவது?

என்ஜினை அதற்குப் பிறகுதான் பார்த்தார். நான்கு பிளக்கையும் கழற்றி, அழுத்தம் அளக்கும் மீற்றரை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். மூன்று சிலிண்டர்கள் 175க்கும் 180க்கும் இடையில், ஒன்று 165 பிஎஸ்ஐ. குறைந்ததற்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளந்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தம் சட்டென்று ஏறும். இங்கே பெரிதாக ஏறவில்லை, அப்படியென்றால் ரிங்கில் பெரிய பிழை இல்லை. ஓடும்போது புகை இல்லாமல் காலையில் மட்டும் வருகிறதென்றால், வால்வைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் இறுகிப்போய் இரவில் ஒயில் கீழே கசிகிறது என்று அர்த்தம். கூடவே என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் சின்ன வால்வையும் கழற்றி என் காதருகில் ஆட்டினார். நல்லதென்றால் உள்ளே கிலுகிலுக்க வேண்டும். சத்தமே இல்லை. அது அடைபட்டாலும் ஒயில் எரியும். இந்த என்ஜினுக்கு டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஒயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் நெடுங்காலம் ஓடும்.

என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமலே, பிளக் ஓட்டையால் காற்று ஏற்றி வால்வுகளைத் தாங்கவைத்து சீல்களை மாற்றினார். இதோடு கறல் தின்ற தகட்டை வெட்டி வெல்டிங் பிடித்தது, முன்பக்கச் சத்தத்துக்கு மாற்றின ஆர்ம் புஷ், போல் ஜொயின்ட், ரேக் என்ட், ஷொக் அப்சோபர் எல்லாம் சேர்த்து மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைய முடிந்தது. இப்போது காலைப் புகை இல்லை, ஒயில் இறங்குவதும் இல்லை.

விற்றிருந்தால்? தரகர் ஒருவர் 38 இலட்சம் என்றார். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தும் வரி கொஞ்சமா! 38 இலட்சத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் புதிய காருக்குப் போனால் மிச்சத்துக்கு லீசிங், மாதாமாதம் வட்டி. அதே விலைக்கு வேறொரு பழைய காரை எடுத்தால், அதன் அடியில் யார் தட்டிப் பார்த்தது? அதனால் திருத்துவதுதான் சரி என்று முடிவெடுத்தேன்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வேலை முடியாது, கிழமைக்கணக்கில் இழுபடும். போன் எடுக்க மாட்டார். பில் என்பது கொப்பித் தாளில் எழுதின கணக்கு. ஆனால் கழற்றின பழைய சாமான் ஒவ்வொன்றையும் பையில் போட்டுத் தந்துவிட்டார். ஏசி வேலை அங்கே இல்லை, நம்ம வெயிலுக்கு அது பெரிய குறை. பெயின்டும் இல்லை, வெல்டிங் பிடித்த இடத்தில் கறுப்புப் பூச்சுத்தான்.

எயார்பேக்கைப் பற்றி நானா ஒன்றும் கேட்கவில்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கொரோலாக்கள் உலகம் முழுக்கத் திருப்பி அழைக்கப்பட்ட டகாட்டா எயார்பேக் பட்டியலில் இருக்கின்றன. வெக்கையும் ஈரமும் கூடிய இடங்களில் அதன் உள்மருந்து வருடக்கணக்கில் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகளை முகத்தில் தெறிக்கவிடும். மட்டக்களப்பை விட வெக்கையும் ஈரமும் வேறெங்கே? சேசி இலக்கத்தை வைத்து டொயோட்டாவிடம் கேட்டால் உங்கள் கார் அதில் இருக்கிறதா, மாற்றப்பட்டதா என்று தெரிந்துவிடும். திருத்தச் செலவு பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

போவதென்றால் வெள்ளிக்கிழமையை விடுங்கள், ஜும்ஆவுக்கு மூடினால் பின்னேரம்தான் திறப்பார். புகை பிரச்சினை என்றால் முதல் நாள் பின்னேரமே காரை அங்கே நிறுத்திவிட்டு வர வேண்டும். இரவு முழுக்க ஆறின என்ஜினைக் காலையில் தானே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் அவர் எதுவும் சொல்ல மாட்டார்.