வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள்

கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது என்பதால், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கினோம். தம்பி தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்தான். அந்த வாரமே, 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பத்து நாளில் 18,000 ரூபாய்' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது.

தொலைபேசியில் பேசிய பெண் வாய்க்கு வாய் 'அக்கா' என்றாள். பயிற்சிக்கும் மென்பொருளுக்கும் 2,500 ரூபாய் கட்டினேன். பயிற்சி என்று வந்தது ஆறு நிமிட வீடியோ. பிறகு ஒப்பந்தம் என்று நான்கு பக்கம் அனுப்பி, கையெழுத்தும் ஆதார் நகலும் வாங்கிக்கொண்டார்கள். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்த அதை நான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள்.

மொத்தம் 600 படிவங்கள். எல்லாம் மங்கலான படங்கள். சுழியமா, ஆங்கில 'ஓ'வா என்றே தெரியாது. ஒரு புள்ளி தவறினாலும் அந்தப் படிவம் முழுவதும் பிழை. நூற்றுக்கு 90 சரியாக இருந்தால்தான் கூலி. யாரும் தேறிவிடக் கூடாது என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். குழந்தை தூங்கியபின் விடிய விடிய அடித்தேன். எட்டாம் நாள் அவர்கள் தளமே திறக்கவில்லை.

பதினோராம் நாள் வாட்ஸ்அப்பில் 'வக்கீல் நோட்டீஸ்' வந்தது. ஒப்பந்தத்தை மீறியதற்கு 6,800 ரூபாய் கட்ட வேண்டும், இல்லையென்றால் போலீஸ் வீட்டுக்கு வரும் என்று இருந்தது. இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தேன். போன பணத்தைவிட அந்த இரண்டு நாளை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கடைசியில் எங்கள் தெரு வழக்கறிஞர் அண்ணனிடம் காட்டினேன். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு ஆகாது, வேலையை முடிக்கவில்லை என்பதற்காகப் போலீஸ் கைது செய்யாது என்றார். நான் பணம் அனுப்பவில்லை. இணைய மோசடிகளுக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் கொடுத்தேன். ஏமாந்தால் நீங்கள் உடனே அழையுங்கள். பணம் அவர்கள் கணக்கில் இருக்கும்போதே முடக்க வாய்ப்பு உண்டு. நான் அழைத்தபோது நாள் கடந்திருந்தது.

கணினி பழகக் காசே வேண்டாம். மும்பை ஐஐடியின் ஸ்போகன் டுடோரியல் தளத்தில் கடிதம், கணக்கு அட்டவணை தயாரிக்கும் மென்பொருளான லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. இப்போது அதில்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆதார் நகல் இன்னும் அவர்களிடம் இருக்கிறது. என் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மாதந்தோறும் பார்க்கிறேன். அதே விளம்பரம், வேறு நிறுவனப் பெயரில், நேற்றும் வந்தது.