கீழக்கரையில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சேவை

வெளிநாடு செல்வோருக்கு ஆவணங்களைத் தயாரித்துத் தரும் கீழக்கரை நிலையம் ஒன்றின் வழியாக, வெளிநாட்டில் வண்டி ஓட்ட உதவும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு (IDP) விண்ணப்பித்தேன். அரசுக் கட்டணமான 1000 ரூபாயையும் தங்கள் கூலியையும் ரசீதில் தனித்தனியே காட்டினார்கள். கடவுச்சீட்டு, விசா, ஓட்டுநர் உரிமம் ஆகிய மூன்றிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார்கள். தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் இருக்கும் நம் பகுதியினருக்கு இது பேருதவி.

அதைவிட நான் மதிப்பது அவர்களுடைய நேர்மையை. இந்த அனுமதி ஓராண்டுக்கே செல்லும் என்பதையும், ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா பெற்றவர் இதைக் கொண்டு வண்டி ஓட்ட முடியாது என்பதையும், இந்திய உரிமத்தை அங்கே தேர்வின்றி மாற்றித் தருவதில்லை என்பதையும் பணம் வாங்கும் முன்பே விளக்கினார்கள். இதை மறைக்கும் முகவர்களால் வேலையை நம்பிப் போகும் இளைஞர்கள்தாம் துன்பப்படுகிறார்கள். சிங்கப்பூர் செல்வோரோ சாலை விதிகள் பற்றிய அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேறினால் கார் உரிமத்தை மாற்ற விண்ணப்பிக்கலாம். அதற்கான பயிற்சி நூல்களையும் இந்நிலையம் வைத்திருந்தால் நன்று.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை வாசலில் எழுதி வைக்க வேண்டும். ஏர்வாடி, பெரியபட்டினத்திலிருந்து வருவோர் பேருந்துச் செலவு செய்து வெறுங்கையுடன் திரும்புகிறார்கள்.