பிளஸ் ஒன் உயிரியல்: கடலூர்ப் பாடமா, புதுச்சேரிப் பாடமா?

உடலையும் சுற்றியுள்ள செடிகொடிகளையும் புரிந்துகொள்ளத்தான் உயிரியல் என்றால், என் வாக்கு கடலூர் மாணவரின் புத்தகத்துக்கே. அங்கே தமிழ்நாடு பாடத்திட்டம். பக்கத்துப் புதுச்சேரி அரசுப் பள்ளிகளோ 2023-24 முதல் படிப்படியாக சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன.

சி.பி.எஸ்.இ. பின்பற்றும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் சுமையைக் குறைக்கிறோம் என்று 2022-இல் சில பாடங்களை நீக்கினார்கள். தாவரங்களில் நீர் கடத்தல், கனிம ஊட்டம், மனிதரின் செரிமானம் ஆகிய மூன்றும் பதினொன்றாம் வகுப்பிலிருந்து போயின. பத்தாம் வகுப்பில் இவற்றின் அரிச்சுவடி உண்டு என்பது உண்மை. அது போதாது. பிச்சாவரத்தில் உப்புநீரில் நிற்கும் சுரபுன்னை எப்படித் தண்ணீர் எடுக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு, சவ்வூடு பரவலும் (சவ்வின் வழியே நீர் நகர்வது) நீராவிப்போக்கும் (இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றுவது) ஆழமாகத் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். கடலூர் மாணவர் இவற்றை இன்னும் முழுதாகப் படிக்கிறார். மண்புழு வளர்ப்பு, பட்டுப்புழு வளர்ப்பு, மீன் வளர்ப்பு என்று பிழைப்போடு ஒட்டிய விலங்கியலும் அவருக்கு உண்டு. அதிலும் தமிழ்வழியில் படிக்கலாம். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். புதுச்சேரிப் பிள்ளை ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும்.

தேர்வு முறையில் மட்டும் சி.பி.எஸ்.இ.யின் கை ஓங்குகிறது. 2024-25 முதல் மேல்நிலை வகுப்புத் தேர்வுகளில் பாதி வினாக்கள் படித்ததைப் புதிய சூழலில் பொருத்திப் பார்க்கச் சொல்பவை. நம் பக்கம் புத்தகத்தின் பின்பக்க வினாக்களை மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது. இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

நீட் தேர்வில் 720-க்கு 360 மதிப்பெண் உயிரியலுக்கு. வினாக்கள் என்.சி.இ.ஆர்.டி.யை ஒட்டியே வருவதால், அந்த ஒன்றுக்காக மட்டும் படிப்பவருக்குப் புதுச்சேரிப் பாடம் நேர்வழி. கடலூர் மாணவர் அந்தப் புத்தகத்தையும் வாங்கிச் சேர்த்துப் படிக்கத்தான் வேண்டும்.

இந்தப் பாட வேறுபாட்டுக்காக, புதுச்சேரியில் கடலூர் எல்லையை ஒட்டிய பாகூர்ப் பக்கத்துப் பெற்றோர் பதினொன்றாம் வகுப்பில் பிள்ளையை எல்லை தாண்டிச் சேர்க்க நினைத்தால், மருத்துவ இடஒதுக்கீட்டு விதியை முதலில் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக 6 முதல் 12 வரை அந்த மாநில அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுச்சேரியின் 10 சதவீதமும் அங்குள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கே.